விடுப்பு முடிந்து திரும்பியவர்: கட்டுமானத் தளத்தில் வெப்பத் தளர்ச்சி, ஒரு நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரின் மேற்குப் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக் கட்டுமானம். ஏப்ரல் மாதம். ஆறாம் மாடித் தளத்தில் கம்பி கட்டிக்கொண்டிருந்த தமிழ்நாட்டு ஊழியர் ஒருவர், பிற்பகல் மூன்று மணிக்குச் சற்று முன்னால் தள்ளாடி உட்கார்ந்தார். எழுந்திருக்க முடியவில்லை. மருத்துவமனையில் ஓர் இரவு, அப்புறம் சில நாள் எம்சி (மருத்துவ விடுப்பு), சில நாள் லைட் டியூட்டி (இலகுவான வேலை) என்று உயிருக்கு ஆபத்தில்லாமல் முடிந்தது. இப்படி நல்லபடியாக முடிகிற சம்பவங்களைத்தான் நாம் சீக்கிரம் மறந்துவிடுகிறோம். கோப்பில் ‘வெப்பத் தளர்ச்சி, குணமடைந்தார்’ என்று ஒரு வரி விழும், அத்தோடு சரி. அந்தத் தளத்தின் பாதுகாப்புக் குழுவில் இருந்தவன் என்ற முறையில் இதை விரிவாகவே எழுத விரும்புகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அந்த ஊழியரும் அவருடைய ஃபோர்மேனும் எழுதச் சம்மதித்தார்கள்.

அந்தத் தளத்தில் யாரும் விதிகளை அலட்சியம் செய்யவில்லை. வெப்பத்தை அளக்கும் மீட்டர் இருந்தது. குளிர்ந்த தண்ணீர் இருந்தது. நிழற்கூடம் இருந்தது. தமிழிலும் வங்காளத்திலும் சீனத்திலும் சுவரொட்டி ஒட்டியிருந்தது. இத்தனை இருந்தும் ஒருவர் விழுந்தார் என்பதால்தான் இது ஆராயத் தக்கதாகிறது.

அன்று நடந்தது

அவருக்கு முப்பதுகளின் இறுதி. புதுக்கோட்டைப் பக்கம். பத்து ஆண்டுகளுக்கும் மேலாக இங்கே கம்பி வேலை. தங்கை கல்யாணத்துக்காக ஐந்து வாரம் ஊருக்குப் போய்விட்டு, சனிக்கிழமை திரும்பினார். திங்கட்கிழமை வேலைக்கு வந்தார். விழுந்தது செவ்வாய்க்கிழமை.

காலை நான்கரைக்கு எழுந்து, தங்குவிடுதியிலிருந்து லாரியில் கிளம்பி, ஏழரைக்கு டூல்பாக்ஸ் மீட்டிங், அதாவது வேலைக்கு முந்தைய பாதுகாப்புக் கூட்டம். கேட்டரிங் சாப்பாட்டில் மதியம் பாதிதான் இறங்கியது என்று பிறகு சொன்னார். ஊரில் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டு வந்தவருக்கு அது பிடிக்காமல் போனது இயல்புதான். ஆனால் உப்பும் தண்ணீரும் உடம்புக்குள் போவது பெரும்பாலும் சாப்பாட்டோடுதான் என்பதால் இதையும் குறித்துக்கொண்டோம்.

அன்று ஐந்து மணிக்கு அந்த மாடித் தளத்தில் கான்கிரீட் போடுவதாக ஏற்பாடு. நான்கு மணிக்குக் கம்பி வேலையைச் சரிபார்க்க ஆள் வருவார். அதற்குள் கட்டி முடிக்க வேண்டும். ஒன்றரை மணிக்கு ஃபோர்மேன் அவரைப் பார்த்து, “தம்பி, முகமெல்லாம் சிவந்து கிடக்கே, முடியுதா?” என்று கேட்டிருக்கிறார். “பரவால்லண்ணே, பாத்துக்கலாம்” என்பதுதான் பதில்.

முதலில் கவனித்தவர் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த திருவாரூர்க்காரர். கம்பி கட்டுகிறவர்கள் குனிந்தபடியே வரிசை பிடித்து நகர்வார்கள். கம்பிகள் குறுக்கிடும் ஒவ்வோர் இடத்திலும் கட்டுக்கம்பியை மடித்துக் கீழே நுழைத்து, கொக்கியால் இழுத்து இரண்டு சுற்று முறுக்கிவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்கள். பழகிய கைக்கு இது இரண்டு மூன்று விநாடி வேலை. அன்று அவருடைய கை ஏற்கெனவே கட்டிய இடத்துக்கே திரும்பிப் போய் அதையே மறுபடி கட்டியது. இரண்டாவது முறையும் அப்படியே. “அண்ணே, அதைத்தான் கட்டிட்டீங்களே” என்று இவர் சொல்ல, அவர் நிமிர்ந்து பார்த்த பார்வையில் ஆளைத் தெரிந்துகொண்ட அடையாளமே இல்லையாம். அடுத்த நிமிடம் உட்கார்ந்துவிட்டார்.

தோழர்கள் செய்தது எல்லாம் சரி. நிழலுக்குத் தூக்கிப் போனார்கள். பாதுகாப்பு மேலங்கியையும் பூட்ஸையும் கழற்றினார்கள். கழுத்திலும் அக்குளிலும் தண்ணீர் ஊற்றி, மின்விசிறியைத் திருப்பிவிட்டார்கள். ஒருவர் அவசர ஆம்புலன்ஸ் எண் 995-ஐ அழைத்தார். வாயில் தண்ணீர் ஊற்றப் போன ஒருவரை, நினைவு தெளியட்டும் என்று ஃபோர்மேன் தடுத்தது முக்கியமான காரியம். தடுமாறுகிறவர் வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடலாம். உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி மூளை குழம்பினால் அது வெப்பவாதம், அதாவது ஹீட் ஸ்ட்ரோக். இவர் அந்த எல்லைக்கு மிக அருகில் போய்த் திரும்பியிருக்கிறார். ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே குளிர்வித்ததுதான் அவரைக் காப்பாற்றியது என்று நான் நம்புகிறேன்.

விதி என்ன சொல்கிறது

மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் வெளிப்புற ஊழியர்களுக்கான வெப்பப் பாதுகாப்பு நடவடிக்கைகளைக் கடுமையாக்கியது. அளவுகோல் டபிள்யூபிஜிடி (WBGT) என்ற வெப்ப அழுத்தக் குறியீடு. சாதாரண வெப்பமானி காற்றின் சூட்டை மட்டும் சொல்லும். இது ஈரப்பதம், வெயிலின் நேரடிச் சூடு, காற்றோட்டம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. வெளிப்புறக் கணக்கில் 70 விழுக்காடு எடை ஈரக்குமிழ் அளவுக்குத்தான், அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவுக்கு. சிங்கப்பூரில் வியர்வை காயாமல் உடம்பிலேயே நிற்கிறதே, அதைத்தான் அந்த 70 விழுக்காடு பிடிக்கிறது. இந்த அளவு 32 டிகிரியைத் தொட்டால், கடுமையான உடலுழைப்பில் இருப்பவருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு. 33-ஐத் தொட்டால் 15 நிமிடம். ஒப்பந்தத் தொகை 5 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளியோ (டாலர்) அதற்கு மேலோ உள்ள கட்டுமானத் தளங்களும் கப்பல் பட்டறைகளும் சொந்த மீட்டர் வைத்திருக்க வேண்டும். மணிக்கொரு முறை தண்ணீர் குடிக்க வேண்டும். புதியவர்களையும் நீண்ட விடுப்பு முடிந்து வருபவர்களையும் படிப்படியாக வெப்பத்துக்குப் பழக்க வேண்டும்.

நல்ல விதி. எங்கள் தளத்தில் இதன் ஒவ்வொரு சொல்லும் அச்சடித்து ஒட்டப்பட்டிருந்தது.

எங்கே விட்டுப்போனது

முதல் ஓட்டை பெயர்ப் பட்டியலில். பழக்கப்படுத்த வேண்டியவர்களின் பட்டியலை அலுவலகம் புது வொர்க் பெர்மிட்டுகளை வைத்துத் தயாரித்தது. பத்து ஆண்டு அனுபவம் உள்ளவர் பெயர் அதில் எப்படி வரும்? எல்லோர் கண்ணிலும் அவர் ‘பழைய ஆள்’. அவர் கண்ணிலும்கூட அப்படித்தான்.

உடம்புக்கு அந்தக் கணக்கு தெரியாது. வெயிலில் தொடர்ந்து உழைக்கிறவருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் இரத்தத்தின் நீர்ப்பங்கு கூடுகிறது, வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்குகிறது, வியர்வையில் வெளியேறும் உப்பு குறைகிறது, அதே வேலைக்கு இதயம் குறைவாகத் துடிக்கிறது. உழைப்பு நின்று ஒரு வாரம் ஆனால் இந்தப் பழக்கம் தளரத் தொடங்கும். ஒரு மாதத்தில் பெரும்பகுதி போய்விடும். “ஊர்லயும் வெயில்தானே சார்?” என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. வெயில் இருக்கலாம். ஆனால் கல்யாண வீட்டில் பந்தல் நிழலில் நிற்பதும், ஆறாம் மாடியில் குனிந்து கம்பி கட்டுவதும் உடம்புக்கு ஒன்றல்ல. பழக்கம் வருவது வெப்பத்தில் உழைப்பதால், வெப்பத்தில் இருப்பதால் மட்டும் அல்ல.

அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷா சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. வேலையிட வெப்ப மரணங்களில் ஏறத்தாழப் பாதி முதல் நாளிலேயே நிகழ்கிறது. 70 விழுக்காட்டுக்கும் மேல் முதல் வாரத்துக்குள். அங்குள்ள நயோஷ் ஆய்வுக் கழகம் திரும்பி வரும் அனுபவசாலிக்கு முதல் நாள் பாதி வேலை, அடுத்த நாள் 60 விழுக்காடு, மூன்றாம் நாள் 80, நான்காம் நாளில்தான் முழு வேலை என்கிறது. எங்கள் ஊழியர் முதல் நாளே முழு வேலையும், அதற்கு மேல் இரண்டு மணி நேரம் ஓட்டியும் (ஓவர்டைம்) பார்த்திருந்தார்.

இரண்டாவது ஓட்டை மீட்டர். அது தரைமட்டத்தில், தள அலுவலகத்துக்குப் பக்கத்தில், தடுப்புச் சுவரோரம் நின்றது. சார்ஜ் போட வசதி, அளவை எழுதிப் பலகையில் ஒட்ட வசதி. அன்று இரண்டு மணிக்கு அது காட்டியது 31.8. அதாவது கட்டாய ஓய்வு தொடங்கும் எல்லைக்குக் கீழே. மறுநாள் அதே நேரத்தில், அதே மாதிரி வெயிலில், கையடக்க மீட்டர் ஒன்றை ஆறாம் மாடிக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தோம். கீழே 31.9 காட்டியபோது மேலே 33.4. மேலே நிழல் இல்லை, காலுக்குக் கீழே சூடேறிய பலகையும் கம்பியும். விதிப்படி அங்கே மணிக்குக் கால் மணி நேரம் ஓய்வு. கீழே இருந்த மீட்டரின்படி ஓய்வே தேவையில்லை.

மூன்றாவது, கழிப்பறை. இதை எந்தப் படிவமும் கேட்பதில்லை. ஊழியர்களிடம் தனியாகப் பேசியபோதுதான் தெரிந்தது. ஆறாம் மாடியில் வேலை செய்கிறவர்கள் மதியத்துக்குப் பிறகு வேண்டுமென்றே தண்ணீரைக் குறைத்துக் குடிக்கிறார்கள். கீழே இறங்கி, தளத்தின் மறுகோடிக்கு நடந்து, திரும்ப ஏறிவரக் கால் மணி நேரம் ஆகிறது. கான்கிரீட் போடுகிற நாளில் அப்படிப் போய்வந்தால் கூட இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். ஆகவே தண்ணீர்க் குவளை நிறைந்தே இருந்தது. தண்ணீர் வைத்திருக்கிறோம் என்று நாங்கள் படிவத்தில் டிக் போட்டுக்கொண்டிருந்தோம்.

அப்புறம் கடன். கல்யாணச் செலவு போக மீதி அடைக்க வேண்டியதை ஓட்டி பார்த்துத்தான் அடைக்க வேண்டும். ஓட்டிக்கு அடிப்படை மணிச் சம்பளத்தில் ஒன்றரை மடங்கு என்பது சட்டம். ஊரிலிருந்து வந்த முதல் வாரத்தில் ஓட்டி வேண்டாம் என்று சொல்லும் நிலையில் எத்தனை பேர் இருப்பார்கள்? ‘பரவால்லண்ணே’ என்ற பதிலை இதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

பத்து நிமிடம் யார் கணக்கில்?

விசாரணையில் எனக்கு மிகவும் பயன்பட்டது ஃபோர்மேனிடம் பேசிய ஒரு மணி நேரம். சிவகங்கைக்காரர், எஸ் பாஸில் (நடுத்தரத் திறனாளர்களுக்கான வேலை அனுமதி) இருப்பவர், தானும் கம்பி கட்டி மேலே வந்தவர். குற்றம் சாட்டப் போகிறோம் என்று நினைத்து முதலில் வாயே திறக்கவில்லை. பிறகு சொன்னார்: “மணிக்குப் பத்து நிமிஷம் உட்கார வைங்கன்னு சொல்றீங்க. சரி, வைக்கிறேன். அஞ்சு மணிக்கு கான்கிரீட் லாரி வந்து நிக்கும். அந்தப் பத்து நிமிஷத்தை யார் கணக்குல சார் எழுதுறது?”

அவர் கேள்வியைத் தாளில் போட்டுப் பார்த்தேன். அந்த மாடித் தளத்தில் 24 பேர். ஒவ்வொருவருக்கும் மணிக்குப் பத்து நிமிடம் என்றால் ஒவ்வொரு மணிக்கும் 4 ஆள்-மணி போகும். ஒன்று முதல் ஐந்து வரை 16 ஆள்-மணி. எட்டு மணி நேர வேலை என்று வைத்தால் இரண்டு ஆளின் முழு நாள் உழைப்பு. இந்த இரண்டு ஆள் எங்கள் வேலைத் திட்டத்தில் எங்கும் இல்லை. கம்பி வேலைத் துணை ஒப்பந்தம் டன்னுக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. அந்த விலையிலும் இல்லை. கலந்து வரும் கான்கிரீட்டை ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டியாக வேண்டும், லாரியைக் காக்க வைக்க முடியாது. ஆகவே சட்டம் கொடுத்த ஓய்வுக்கு உரிய நேரத்தை ஃபோர்மேன் எங்கிருந்தாவது பிடுங்க வேண்டும். பிடுங்கினால் அலுவலகம் அவரைக் கேட்கும். பிடுங்காவிட்டால் என்றாவது ஒருவர் விழுவார், அப்போதும் அவரைத்தான் கேட்கும்.

இந்த ஆய்வில் நான் சொல்ல வந்தது இதுதான். அந்த இரண்டு ஆள் விலையில் இல்லாதவரை, வெப்ப விதி ஃபோர்மேனின் மனசாட்சியை நம்பித்தான் ஓடும். மனசாட்சி உள்ளவராகவே எங்களுக்கு வாய்த்தார். அப்படியும் ஒருவர் விழுந்தார்.

செலவு என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஓய்வு கொடுக்காமல் இருப்பதும் செலவுதான். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஹீட்சேஃப் ஆய்வுத் திட்டம், வெப்பத்தால் இங்கே உற்பத்தித்திறன் 2018-இல் 11.3 விழுக்காடு குறைந்தது என்றும், 2035-இல் இது 14 விழுக்காடாகலாம் என்றும் மதிப்பிட்டது. பொருளியல் இழப்பு 1.18 பில்லியன் வெள்ளியிலிருந்து 2.22 பில்லியன் வெள்ளியாக ஏறும் என்றது. சூடேறிய உடம்பு மெதுவாகத்தான் வேலை செய்யும், கட்டிய இடத்தையே மறுபடி கட்டும். அந்த இழப்பு எந்தப் பற்றுச்சீட்டிலும் தனியாக வராததால் யார் கண்ணிலும் படுவதில்லை.

பயிற்சியில் என்ன குறை

நம் ஊழியர்கள் பயிற்சி இல்லாதவர்கள் இல்லை. ஊரிலேயே காசு கட்டித் தொழில்திறன் டெஸ்ட் அடித்துப் பாஸ் பண்ணித்தான் வருகிறார்கள். இங்கே வந்ததும் சேஃப்டி கோர்ஸ். தொழில்திறன் உயர்ந்தால் முதலாளிக்கும் லாபம்: 2024 தொடக்கத்திலிருந்து கட்டுமானத் துறையில் உயர்திறன் ஊழியருக்கான லெவி (வெளிநாட்டு ஊழியருக்காக முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் தீர்வை) மாதம் 500 வெள்ளி, அடிப்படைத் திறன் ஊழியருக்கு 900. மாதம் 400 வெள்ளி வித்தியாசம் என்பதால்தான் நிறுவனங்கள் ஆளைத் தேடிப் பிடித்துத் திறன் தேர்வுக்கு அனுப்புகின்றன. பணத்தை வைத்து அரசாங்கம் பயிற்சியை நகர்த்திய நல்ல உதாரணம் இது.

அதே வழியை வெப்பத்துக்கும் ஏன் பயன்படுத்தக்கூடாது? சக ஊழியரின் குழப்பத்தை அடையாளம் காண்பது, குளிர்விப்பது, வேலையை நிறுத்துவது, திரும்பி வந்தவரின் முதல் வாரத்தைத் திட்டமிடுவது ஆகியவற்றில் தேர்ந்த ஃபோர்மேனை ஒரு தகுதியாக எண்ணி, அதற்கும் ஒரு சலுகையைக் கட்டிவிட்டால் நிறுவனங்கள் தாமாகவே ஆள் அனுப்பும். பயிற்சி வகுப்பில் சுவரொட்டியைப் படித்துக் காட்டினால் போதாது. ஒருவரைத் தூக்கி, பூட்ஸைக் கழற்றி, நனைத்து, விசிறியைத் திருப்பிச் செய்து பார்க்க வேண்டும். தேசிய சேவை (கட்டாய ராணுவப் பயிற்சி) செய்தவர்களுக்கு இது தெரியும். 2018-இல் பயிற்சி நடைக்குப் பிறகு படைவீரர் ஒருவர் வெப்பவாதத்தால் இறந்த பின், ஆயுதப் படை வெப்பப் பாதுகாப்பை இன்னும் இறுக்கியது. முன்கைகளைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி உடம்பை ஆற வைக்கும் தொட்டிகள் பயிற்சித் திடலுக்கே வந்தன. கட்டுமானத் தளத்துக்கு அதைக் கொண்டுவர ஒரு பெரிய வாளியும் ஐஸும் போதும்.

வயதும் இதில் சேர்கிறது. 2025 ஜூலையிலிருந்து வொர்க் பெர்மிட் ஊழியர்கள் இத்தனை ஆண்டுதான் இருக்கலாம் என்ற உச்சவரம்பு நீங்கிவிட்டது, வயது வரம்பும் 63 ஆனது. பலருக்கு இது பெரிய நிம்மதி. ஐம்பதைத் தாண்டிய, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் இனி நம் தளங்களில் அதிகம் இருப்பார்கள். நீர் பிரிய வைக்கும் இரத்த அழுத்த மாத்திரை போடுகிறவருக்கு வெயில் இன்னும் சீக்கிரம் வேலையைக் காட்டும் என்பது ஃபோர்மேனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு செய்தது

பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பு அலுவலகத்திலிருந்து தளத்துக்கு மாறியது. ஒரு வாரத்துக்கு மேல் வராத எவரும், காய்ச்சலில் படுத்திருந்தவர் உட்பட, திரும்பும் அன்று தலைக்கவசத்தில் மஞ்சள் நாடா ஒட்டிக்கொள்கிறார். ஏழு நாளைக்கு அவருக்கு ஓட்டி இல்லை. இதை முதலில் ஊழியர்கள் விரும்பவில்லை, வருமானம் போகிறதே என்று. பேச்சுவார்த்தைக்குப் பிறகு அந்த வாரத்துக்கு ஒரு சிறு படித்தொகை தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. அது வந்த பிறகுதான் மஞ்சள் நாடாவை யாரும் மறைக்காமல் ஒட்டுகிறார்கள்.

மீட்டர் இப்போது வேலை நடக்கும் உச்சித் தளத்தில் நிற்கிறது. மூன்று மாடிக்கு ஒரு நடமாடும் கழிப்பறை. கான்கிரீட் போடும் நாள் திட்டத்தில் ஓய்வு நேரம் ஒரு தனி வரியாக எழுதப்படுகிறது. அதற்கு ஏற்ப ஆள் கூட்டப்படுகிறது அல்லது ஊற்றும் நேரம் மறுநாள் காலைக்குத் தள்ளப்படுகிறது. நிறுத்தச் சொல்லும் அதிகாரம் ஃபோர்மேனுக்கு எழுத்தில் கொடுக்கப்பட்டது. மே மாதத்தில் ஒரு நாள் அவர் அதைப் பயன்படுத்தி, இரண்டு லாரியைத் திருப்பி அனுப்பினார். அந்தச் செலவை நிறுவனம் ஏற்றது. முணுமுணுப்பு இருந்தது, ஆனால் ஏற்றது.

ஊழியருக்கு இழப்பீட்டுச் சட்டப்படி எம்சி நாட்களுக்கான சம்பளமும் மருத்துவச் செலவும் கிடைத்தன. வேலையால் ஒரு நாள் எம்சியோ லைட் டியூட்டியோ கொடுக்கப்பட்டாலும் மனிதவள அமைச்சுக்கு முதலாளி தெரிவிக்க வேண்டும் என்பது 2020 செப்டம்பரிலிருந்து நடைமுறை. பல ஊழியர்களுக்கு இது இன்னும் தெரியவில்லை. ‘நாலு நாள் ரூம்ல படுத்துக்க, சம்பளம் போட்டுடறோம்’ என்று சொன்னால் அதோடு விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால் சம்பவம் பதிவில் வராது. பதிவில் வராதது ஆய்வுக்கும் வராது.

இன்னும் கைவைக்கப்படாதது 5 மில்லியன் வெள்ளிக்குக் கீழே உள்ள தளங்கள். வீட்டுப் புதுப்பிப்பு, கூரை வேலை, சாலையோரப் பள்ளம், புல் வெட்டுவது. அங்கே சொந்த மீட்டர் கட்டாயமில்லை. கைப்பேசியில் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஇஎன்வி (myENV) செயலியைப் பார்த்தால் போதும். எங்கள் ஒரே தளத்தில் கீழுக்கும் மேலுக்கும் ஒன்றரை டிகிரி வித்தியாசம் இருந்தது. எங்கோ உள்ள நிலையத்தின் அளவு, தகரக் கூரை மேல் இருக்கும் நான்கு பேருக்கு எவ்வளவு பொருந்தும்? அங்கே பாதுகாப்புக் குழு கிடையாது, பெரும்பாலும் ஃபோர்மேனும் கிடையாது. லாரி ஓட்டுகிறவரே மேற்பார்வையாளர். கையடக்க மீட்டர்களைச் சிறு ஒப்பந்தக்காரர்களுக்கு இரவல் கொடுத்து, ஒரு ஏப்ரல், மே முழுக்கக் கூரை மேலேயே அளந்து பார்க்க வேண்டும். அடுத்த ஆய்வுப் பணத்தை அங்கே போடச் சொல்லித்தான் நான் கேட்டு வருகிறேன்.